ரெண்டுகரையார் வெட்டிய கரை

பழையாற்றின் இரண்டு கரையிலும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு கரைச் சமையலையும் குறை சொன்ன மனிதர் உலகத்தில் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் எங்கள் எல்லாருக்கும் அவர் ரெண்டுகரையார்.

வெள்ளத் தடுப்பு என்றால் எங்கள் பக்கம் ஒரே பொருள்தான். ஐப்பசியில் ஆறு பொங்கினால், நம் வயல் முங்குவதற்குள் எதிர்க்கரையை வெட்டிவிடுவது. அக்கரைக்காரர்களும் இதே அறிவோடுதான் பிறந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் காவல் காத்து அலுத்துப்போய், இரண்டு ஊரும் கூடி ரெண்டுகரையாரைக் கரைக்காவலுக்கு வைத்தன. இக்கரையில் அவருடைய அக்காள் வயல், அக்கரையில் மனைவி வயல். எந்தக் கரையை வெட்டினாலும் மனிதருக்கு ஒரு வேளைச் சோறு போய்விடும்.

பதவியை அவர் நன்றாகவே அனுபவித்தார். காலையில் இக்கரையில் பழஞ்சோறு, மதியம் அக்கரையில் மீன்கறி. வானம் கறுத்தால் போதும், வாழைக்குலைகள் அவர் குடிசைக்குத் தாமாகவே நடந்து வரும். நாங்கள் கொண்டுபோனால், மெச்சுவதுபோல், "கொள்ளாம். அக்கரைக் குலை இதவிடப் பெருசு பாத்துக்கிடுங்க" என்பார். மறுநாள் பெரிய குலையாகக் கொண்டுபோவோம்.

ஆறு வளையும் இடத்தில் அவர் சொந்தமாகச் சம்பாதித்த வயல் ஒன்று இருந்தது. அது அவருக்குப் பின் அக்காள் பிள்ளைகளுக்கா, பெற்ற பிள்ளைகளுக்கா என்பதுதான் தீராத வழக்கு. நாஞ்சில் நாட்டில் சொத்து மருமக்கள் வழியிலிருந்து மக்கள் வழிக்குப் போகும்படி சட்டமே மாறிக்கொண்டிருந்த சமயம். அக்காள் மகனான மருமகன் வக்கீலைப் பார்க்க நாகர்கோவிலுக்குப் போனால், அதே மாட்டுவண்டியில் மகனும் தன் வக்கீலைப் பார்க்கப் போவான். வண்டிக்கூலியை மட்டும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஓர் ஐப்பசியில் மழை விடவே இல்லை. விடிந்து பார்த்தால் தண்ணீர் கரை விளிம்பைத் தொட்டு நிற்கிறது. இளம்பயிரோடு வீடும் போய்விடும் நிலை. இக்கரையில் நாங்கள், அக்கரையில் அவர்கள், எல்லார் கையிலும் மண்வெட்டி.

"மாமா, அக்கரைய வெட்டும்! அம்மைக்க வயலு முங்கப் போவுது!" என்று இங்கே மருமகன் கத்தினான்.

"எப்பா, அக்கரைய வெட்டும்! அம்மைக்க வயல நெனச்சுப் பாரும்!" என்று அங்கே மகன் எங்கள் கரையைக் காட்டிக் கத்தினான்.

ரெண்டுகரையார் வெற்றிலையைத் துப்பினார். "சவம், ரெண்டு பக்கமும் ஒரே பாட்டு" என்று என் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

போய் நின்றது ஆற்று வளைவில். தன் வயலை ஒட்டிய கரையை வெட்டினார். ஆறு அந்த வயல் வழியே பாய்ந்து, பின்னாலிருந்த, இன்னும் நிறையாத பெரிய குளத்தில் விழுந்தது. இரண்டு ஊரும் தப்பித்தன. அவர் வயல் மட்டும் மணல்மேடானது.

வெள்ளம் வடிந்ததும் மருமகனும் மகனும் ஓடிவந்தார்கள்.

"இப்பம் பங்கு போடுங்கலே. ஆளுக்குப் பாதி மணலு. வக்கீலுக்கு ஒரு கடவப்பெட்டி அள்ளிக் குடுங்க" என்றார்.

வழக்கு அன்றோடு முடிந்தது. அவர்கள் போன பிறகு அவர் குனிந்து, மணலில் சாய்ந்து கிடந்த ஒரு நாற்றை நிமிர்த்தி வைத்தார்.

மாசியில் எங்கள் வயலை அறுத்ததும் முதல் நெற்கட்டை அவர் குடிசைக்குச் சுமந்துபோனேன்.

"கொள்ளாம் மக்கா. அக்கரைக் கட்டு இதவிடப் பெருசு."

இன்னொரு கட்டும் கொண்டுபோய்ப் போட்டேன். இன்று அவர் கேட்டால் வயலையே சுமந்துபோவேன். கேட்கத்தான் ஆளில்லை.