ஆவணி முடியும் வரை ஒருவரும் சாகவேண்டாம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு, சரவணையிலிருந்து உங்கள் பெறாமகள் கஜாலினி வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் சுகம். கனடாவில் நீங்களும் பெரியம்மாவும், உலகமெங்கும் உள்ள நம் சொந்தங்களும் சுகமாக இருக்கவேண்டும். குறிப்பாக ஆவணி முடியும் வரை.

நீங்கள் வாங்கித் தந்த மிளகாய்த்தூள் அரைக்கும் மெசின் விறாந்தையில் சேலை போர்த்தியபடி இருக்கிறது. வருபவர்கள் ஆரோ நோயாளி என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துகிறார்கள். சித்திரையில் திறக்க நாள் பார்த்தோம். அன்று விடியவே ஜெர்மனி இளையதம்பித் தாத்தா காலமானதை நீங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டீர்கள். "பங்காளியடி பிள்ளை, முப்பத்தொரு நாள் துடக்கு. சாவுத் தீட்டோட தேங்காய் உடைக்க ஏலாது" என்றார் அப்பா. வைகாசியில் நாள் வைத்தோம், பாரிஸில் ஒருவர் போனார். ஆனியில் வைத்தோம், லண்டனில் ஒருவர். அவரை அப்பாவுக்கே தெரியாது. அம்மாவோ, "ஆளைத் தெரியாட்டி என்ன, செத்தது தெரிஞ்சிட்டுதெல்லோ!" என்றா. ஆடி ஆகாத மாதம். மெசின் தந்தவர்கள் சொந்தக்காரர், தூள் வாங்கப்போகிறவர்கள் சொந்தக்காரர், திறக்கவிடாமல் சாகிறவர்களும் சொந்தக்காரர். பூட்டனார் ஏன் சொந்தக்காரர் ஒருவருமில்லாத குருநாகலுக்குப் போய்க் கடை போட்டார் என்று இப்போதுதான் விளங்குகிறது. அங்கே ஆர் செத்தாலும் அவருக்குத் துடக்கில்லை.

ஆவணிக்குள் திறக்காவிட்டால் மெசினைப் புங்குடுதீவு வசீகரன் மச்சானுக்குக் கொடுக்கச் சொன்னீர்களாம். மாமி மகனுக்கு எங்கள் துடக்கு இல்லைத்தானே. பெரியப்பா, வகுப்பில் எழும்பி வாசிக்க வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மெசின் இரைகிற இடத்தில் ஒருவரும் என்னைப் பேசச் சொல்லமாட்டார்கள். எனக்கு அது வேணும்.

கேள்விப்படாத சாவுக்குத் துடக்கில்லை என்று அப்பாவே சொன்னவர். ஆகையால் இப்போது திறக்க நாள் வைத்திருக்கும் ஆவணிக் கடைசி வெள்ளி வரை ஆர் போனாலும் வாட்ஸ்அப்பில் போடாதேயுங்கோ. போனில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்கும். அதனால்தான் நாளை கனடா திரும்பும் நிலாந்தினி அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

எல்லோருக்கும் நீண்ட ஆயுளை நயினாதீவு அம்மனிடம் கேட்கும்,
கஜாலினி

பி.கு: கடிதத்தை ஒட்டமுன் இங்கேயே நம் பங்காளி ஆழ்வாப்பிள்ளை அப்பு காலமாகிவிட்டார். நானும் அழுதேன், மெசினுக்காக. அவருடைய மகள் கேதீஸ்வரி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுகிற அழுகைக்கு நடுவிலேயே, "முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குத் தூள் நீதான் அரைச்சுத் தரவேணும் பிள்ளை, கடைத்தூள் போட்டால் சனம் கதைக்கும்" என்றா. அப்பா யோசித்தார். "துடக்கு வீட்டுக்குத் துடக்குக்காரர் அரைக்கலாம். தேங்காயும் தேவையில்லை" என்றார். சேலையை எடுத்துவிட்டோம். அடுத்த ஆனியில் வரும் லண்டன்காரரின் திவசத்துக்கும் இங்குள்ள அவருடைய ஆட்கள் தூள் சொல்லிவிட்டார்கள். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள் பெரியப்பா. இனி ஆர் போனாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கோ.