மூன்றாம் வார்டில் ஒரு விரல்

“கடைசியா கேக்கறேன். திங்கக்கெழம எதுல குத்துவீங்க?” என்றாள் அம்சவல்லி, தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமல்.

“பூட்டு சாவிலதான்,” என்றார் இராஜாங்கம்.

பூட்டு சாவி மனைவியின் சின்னம். அரைமணி நேரத்துக்கு முன்புதான் அடுத்த தெருவில், “கட்டில்லதான்க்கா” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கட்டில், அக்கா மலர்க்கொடியின் சின்னம். நன்னிலம் பக்கத்து ஊராட்சி ஒன்றின் மூன்றாம் வார்டுக்கு இருவர் மட்டுமே போட்டி; இருவருக்கும் நடுவில் இவர் ஒருவர். நடவுக்குப் போய் இவரைப் படிக்க வைத்தவள் அக்கா. தினமும் சோறு போடுகிறவள் அம்சவல்லி.

இராஜாங்கம் ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்துகிறவர். ‘வாக்குப்பதிவு ரகசியமானது’ என்று பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறார். வார்டில் அதை நம்பியவர் அவர் ஒருவர்தான். இரண்டு பெண்களும் வீடு வீடாகத் தலை எண்ணி நோட்டில் குறித்திருந்தார்கள். இரண்டு நோட்டிலும் அவர் பெயர் இருந்தது. எதில் ஒன்று குறைந்தாலும் குற்றவாளி அவர். செல்லாத ஓட்டாகப் போட்டாலும் அதே கதிதான்.

தேர்தல் பணி கேட்டுப் பார்த்தார். வேட்பாளரின் புருஷனுக்குப் பணி இல்லை என்றார்கள். காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தார். அக்கா கஷாயத்தோடு வந்தாள். மனைவி, வாக்குச்சாவடிக்குப் போக ஆட்டோவே பேசிவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் மாணவர் தலைவருக்கான மாதிரித் தேர்தல் நடத்தினார். போன தேர்தல் பணியில் பையோடு வந்துவிட்ட அழியாத மையைத் திறந்து, தன் இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து இழுத்தார். பிறகு அதன் மேலேயே இன்னொரு கோடு.

“சார், உங்களுக்குத்தான் இதுல ஓட்டே இல்லையே?” என்றாள் முதல் பெஞ்ச் ஆஷ்லின்.

“செயல்முறை விளக்கம்மா.”

வீட்டில் விளக்கம் எடுபடவில்லை. அம்சவல்லி எலுமிச்சம்பழத்தோடும் மண்ணெண்ணெயோடும் உட்கார்ந்தாள். சேதி கேட்டு அக்கா பப்பாளிப் பாலோடு ஓடி வந்தாள். வேட்புமனு நாளிலிருந்து பேசிக்கொள்ளாத இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த விரலைத் தேய்த்தார்கள். தோல் போயிற்று. மை போகவில்லை.

“கட்டுப் போட்டு மறைச்சிடலாம் அண்ணி,” என்றாள் அம்சவல்லி.

“பெருசாப் போடு,” என்றாள் அக்கா.

திங்கட்கிழமை வாக்குச்சாவடியில் அந்தக் கட்டைப் பார்த்ததும், விஷயம் தெரியாத அக்காவின் ஏஜென்ட் ரெத்தினம் எழுந்தான்.

“அவுக்கச் சொல்லுங்க மேடம். யாரா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.”

அவிழ்த்தார்கள். நகத்தோரம் மை கருகருவென்று இருந்தது.

“ஏற்கெனவே மை இருந்தா ஓட்டு கெடையாது சார். நீங்களே சொல்லிக் குடுக்கறவர்தானே,” என்றார் வாக்குச்சாவடி அலுவலர்.

இராஜாங்கம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். முனை திரும்பியதும் டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டார். இனி அவர் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

வாக்கு எண்ணும் நாளில், இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் அக்கா, நடுவில் அவர். பூட்டு சாவி நூற்று நாற்பத்திரண்டு. கட்டில் நூற்று நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினார்கள். அதேதான். இருவரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“சமமா வந்தா குலுக்கல்தான்,” என்று தேர்தல் அதிகாரி வானதி இரண்டு சீட்டு எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கினார்.

“யாரு எடுக்கறது?” என்றான் ரெத்தினம். “அவங்க ஆள் எடுக்கக் கூடாது.”

“உங்க ஆளும்தான்,” என்றாள் அம்சவல்லி.

“ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஆளச் சொல்லுங்க. நான் வேற வார்டுக்கும் போகணும்,” என்றார் வானதி.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் தங்கையன், இராஜாங்கத்தின் விரலில் இருந்த கட்டைப் பார்த்தபடி வந்து நின்றார்.

“இங்க நிக்கறதுல ரெண்டு பேருக்குமே ஓட்டுப் போடாத ஆளு வாத்தியார் ஒருத்தர்தாம்மா. கைய உள்ள விடுங்க சார்.”