கைக்கடிகாரத்தில் போன கல்லூரி

பாளையங்கோட்டை,
நவம்பர் 23.

கர்த்தருக்குள் பிரியமான ரிச்சர்ட் அண்ணனுக்கு,

தங்கை பெர்சிஸ் தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் மச்சான் ஹெப்ரானும், மருமகள் டார்லினும் தேவகிருபையால் சுகம். தோஹாவில் உங்கள் சுகத்துக்காகவும், நீங்கள் வேலை பார்க்கும் வாட்ச் கடையின் சுகத்துக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம். மழை பரவாயில்லை. குறுக்குத்துறையில் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிட்டதாம். இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. இனி எழுதப்போவதும் உண்மைதான், ஆனால் நான்கு மாதம் தாமதம்.

ஜூலையில், "வாட்ச் எப்படி இருக்கு, ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று கேட்டீர்கள். நான் டார்லின் போட்டோவை அனுப்பினேன். திரும்பக் கேட்டீர்கள். டார்லின் சிரிக்கிற போட்டோவை அனுப்பினேன். மூன்றாம் தடவை அனுப்பியது வாட்சின் பெட்டி. இப்போது கிறிஸ்மஸுக்கு நேரிலேயே வருகிறீர்கள் என்றதும், இனி மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் நீங்கள் இடையில் பேசுவீர்கள், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் தபால்.

டார்லினின் ஞானஸ்நானத்தன்று அந்த வாட்சை உங்கள் மச்சான் கையில் கட்டிவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு வசனம் போல மனப்பாடம். "இது வாட்ச் இல்ல மச்சான், டார்லின் காலேஜு. ஒரு கீறல் இல்லாம பதினெட்டு வருஷம் வச்சிருந்தா, இத வித்தே பிள்ளைய டாக்டருக்குப் படிக்க வச்சிரலாம்." கூடவே இன்னொன்றும் சொன்னீர்கள். இதில் பாட்டரி கிடையாது, கை அசைந்தால்தான் ஓடும், சும்மா வைத்தால் நின்றுபோகும், நிற்கவிடக் கூடாது. அண்ணா, நான் இயற்பியல் படித்தவள். இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்துப் பார்த்தேன். கட்டினால் கீறும், கட்டாவிட்டால் நிற்கும். இதற்கு விடை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

முதல் கீறல் சீவலப்பேரி டவுன் பஸ்ஸில். அவர் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதில்தான் போகிறார். நெரிசலில் யாருடைய தூக்குச்சட்டியும் உரசிவிடக் கூடாதென்று, கம்பியைப் பிடிக்காமல், வாட்ச் கட்டிய கையை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறார். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்ன சார்வாள், சந்தேகம் எதும் கேக்கணுமா? கைய எறக்குங்க" என்றாராம். அதே நேரம் ஒரு மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட, இவர் தூக்கிய கையாலேயே கம்பியைப் பிடித்துவிட்டார். வாட்சின் ஓரத்தில் ஒரு கோடு. அன்று மருத்துவம் போயிற்று. நான் அழுதேன். அவரோ சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏட்டி, பிள்ளைக்கு இன்னும் பல்லே மொளைக்கல. அதுக்குள்ள டாக்டர் வேலை போச்சுன்னு அழுவுத" என்றார்.

அதன்பிறகு வாட்சை அவரிடமிருந்து வாங்கிவிட்டேன். ஆனால் அது ஓட வேண்டுமே. டார்லினின் கம்பளிக் காலுறைக்குள் போட்டுத் தொட்டில் கம்பில் கட்டினேன். பிள்ளையை ஆட்டினால் வாட்சும் ஓடும். இதைக் கண்டுபிடித்தபோது வந்த பெருமை எனக்குப் பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை. ஒரே சிக்கல், பிள்ளை அசையாமல் தூங்கினால் வாட்ச் நின்றுவிடுமோ என்று ஆட்டுவேன், ஆட்டினால் அவள் விழித்துக்கொள்வாள், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி தொட்டிலை ஆட்டுவேன். அடுத்த வீட்டு எலிசபெத் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைதான் இடுப்புல இருக்கே, வெறுந்தொட்டில எதுக்கு ஆட்டுத? பிள்ளைக்கு வயித்த வலிக்கும்லா" என்றாள். "வெறுந்தொட்டில் இல்லக்கா, வாட்ச் கெடக்கு" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பைய, அன்பாகத்தான் பேசுகிறாள். பத்தே நாளில் காலுறை நைந்து கிழிந்து, தொட்டில் ஸ்பிரிங் உரசி, பின்மூடியில் இரண்டாவது கீறல். இன்ஜினியரிங்கும் போயிற்று.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. ஒருநாள் பார்த்தால் டார்லின் புதிதாக முளைத்த பல்லால் வாட்சின் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உட்பக்கம், திருகாணிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், அவள் பல்லுக்கு அளவெடுத்த மாதிரி. அங்கேயிருந்த உலோகம் எங்கே போயிற்று, வயிற்றுக்குள்ளா? பிள்ளைகள் டாக்டரிடம் ஓடினேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார். வாட்சைத்தான் நிறைய நேரம் பார்த்தார். "பிள்ளை நல்லாருக்கா. இத எங்கன வாங்குனீக?" என்றார்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. பால்பல் எஃகைக் கீறுமா? கீறாது என்றுதான் படித்திருக்கிறேன். அப்படியானால் கீறியது எது? அண்ணா, போன கல்லூரியைப் பற்றிய கவலையைவிட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் அரித்தது. உங்கள் மச்சானிடம் சொல்லாமல், மார்க்கெட் பக்கம் வாட்ச் பழுது பார்க்கும் முகம்மது இப்ராஹிம் பாயிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது பல்லு இல்லம்மா. கை அளவுக்குச் சங்கிலிக் கண்ணியைக் கழத்தும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கியிருக்கு. மாட்டிவிட்டவருக்குக் கை பதறியிருக்கு" என்றார்.

கண்ணியைக் கழற்றியது நீங்கள் அண்ணா. "என் தங்கச்சி வீட்டுக்குப் போற சாமான், வேற ஆள் கையில குடுக்கல, நானே செஞ்சேன்" என்று நீங்களே சொன்னீர்கள். ஆக, மூன்றாவது கீறல்தான் முதல் கீறல். மருத்துவம் சீவலப்பேரி பஸ்ஸில் போகவில்லை, தோஹாவிலேயே போய்விட்டது. கோபத்தில் எழுதவில்லை. தினமும் நூறு வாட்ச் தொடுகிற கை, எங்களுடையதைத் தொடும்போது மட்டும் பதறியிருக்கிறது. அதை நினைத்து நினைத்து அந்தப் பள்ளத்தை லென்ஸில் பார்க்கிறேன்.

இனி நல்ல செய்தி. பாய் சொன்னார்: "கீறல் கெடந்துட்டுப் போவுது. கையில கட்டுன வாட்சுல கீறல் இருக்கத்தான் செய்யும், அதுக்காக வாங்குதவன் வெலையப் பெருசாக் கொறைக்க மாட்டான். தேச்சு மினுக்குனாத்தான் சந்தேகப்படுவான். பாலிஷ் கீலிஷ்னு யாரும் கைய வச்சிராம பாத்துக்கோங்க, போதும்." அண்ணா, வீட்டுக்கு வருகிற வழியிலேயே மருத்துவம் திரும்பி வந்துவிட்டது. ஆகவே நீங்கள் சந்தோஷமாக வாருங்கள். வாட்சை எடுத்து உங்கள் கையிலேயே தருகிறேன். கீறல்கள் ஒவ்வொன்றையும் காட்டி எது யாருடையது என்றும் சொல்கிறேன்.

டார்லின் உங்களுக்கு முத்தம் தருகிறாள், கொஞ்சம் கடிக்கவும் செய்வாள். போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக.

அன்புத் தங்கை,
பெர்சிஸ்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. ஆலயத்துப் பித்தளைச் சிலுவையையும் பூச்சாடிகளையும் துலக்குகிற முறை இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு. அவர் பின்வாசலில் உட்கார்ந்து புளியும் செங்கல்பொடியும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் இத்தனை மாதம் அழுததை அவர் கண்டுகொள்ளவே இல்லை என்று நினைத்திருந்தேன். பாய் சொன்னதை அவரிடம் சொல்லவுமில்லை. பூச்சாடி முடிந்ததும் வாட்சையும் தேய்த்துவிட்டார். பழைய மூன்று கீறல்களும் இப்போது இல்லை, அதாவது புதுக் கீறல்களுக்கு நடுவே கண்டுபிடிக்க முடியவில்லை. ஈரக் கையோடு கொண்டுவந்து நீட்டி, "பாத்தியாட்டி, பிள்ளைக்கு டாக்டர் படிப்பு திரும்ப வந்துட்டு" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமா, புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வந்து பார்க்கும்போது, அண்ணா, நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.