நான் அறிவித்த புயல்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னை வைத்திருக்கப் பள்ளிக்கூடத்துக்கு வசதிப்படவில்லை. அதில் ஊருக்குத்தான் லாபம். படித்திருந்தால் எங்கேயாவது ஒரு கந்தோரில் குமாஸ்தாவாகக் கதிரை தேய்த்துக்கொண்டிருப்பேன். படிக்காததால், இன்று எங்கள் வேலணைத் தீவில் யார் வீடு கட்டினாலும் சீமெந்து என் கடையிலிருந்துதான் போக வேண்டும். (பக்கத்துக் கடையிலும் சீமெந்து இருக்கிறது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.)

இப்படித் தன் கையாலேயே முன்னுக்கு வந்த மனிதனிடம் ஒரு நல்ல போன் அகப்பட்டால் என்ன ஆகும்? அவன் வானத்தையும் கவனிக்கத் தொடங்குவான். என் போனில் காற்றின் வேகத்தை நிறத்தில் காட்டும் வரைபடம் ஒன்று இருந்தது. பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் கடல் பக்கம் போகாதே. எழுத்துக் கூட்டி வாசிக்கும் தொல்லையே இல்லை. எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது. வீட்டுக்குக் கொங்கிறீட் தட்டுப் போடுகிறவர்கள்கூட, “அண்ணை, நாளைக்குப் போடலாமோ?” என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் சீமெந்து குழைத்தார்கள். நான் சொன்னது இரண்டு தடவை அச்சொட்டாகப் பலித்தது. மற்றத் தடவைகளை அவர்கள் மறந்துவிட்டார்கள். நல்ல சனம்.

வங்கியில் வேலை செய்யும் என் மகள் வதனிக்கு மட்டும் என் திறமையில் நம்பிக்கை இல்லை.

“அப்பா, வானிலைத் திணைக்களத்தின்ரை பக்கத்தைப் பாருங்கோ. தமிழிலையே போடுகினம். கடலுக்கெண்டு தனியாவும் இருக்கு.”

“அவை ‘சில இடங்களில் மழை பெய்யக்கூடும்’ எண்டுவினம். சில இடம் எண்டால் ஆரின்ரை வளவு? நான் சொன்னால் வளவைச் சொல்லிச் சொல்லுவன்.”

அவளுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை நெடுந்தீவில் வாத்தியார். கல்யாணத்தன்று காலை முதல் படகில் மாப்பிள்ளை வீட்டார் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து இறங்குவார்கள், அங்கிருந்து பஸ்ஸில் வேலணைக்கு வருவார்கள் என்பது ஏற்பாடு. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் மாப்பிள்ளை அங்கே, முகூர்த்தம் இங்கே.

கல்யாணத்துக்கு முதல்நாள் விடியவே போனை எடுத்துப் பார்த்தேன். வடக்கு முழுக்கச் சிவப்பு. தீவுகளின் மேலே கறுஞ்சிவப்பு. உடனே மாப்பிள்ளையின் தாயைக் கூப்பிட்டேன்.

“சம்பந்தி, தம்பியைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் இண்டைக்கே வெளிக்கிடுங்கோ. நாளைக்குப் புயல்.”

“கடல் கண்ணாடி மாதிரியெல்லோ கிடக்கு அண்ணை?”

“கடலுக்கு இன்னும் தெரியாது சம்பந்தி. எனக்குத் தெரிஞ்சிட்டுது.”

“பொன்னுருக்கியாச்செல்லோ அண்ணை?” என்று இழுத்தார். காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் தாலிக்குப் பொன்னுருக்கிய பிறகு, தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பொன்னுருக்கு முடிந்திருந்தது.

“உங்கடை சொல்லை நம்பித்தான் வாறம். ஆனால் ரெண்டு பேரும் முகம் பாத்தினமெண்டால், நான் பிள்ளையை அடுத்த படகிலை திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிடுவன். சொல்லிப்போட்டன்.”

சொன்னால் செய்கிற மனுசி. மாடு வளர்த்து, பால் விற்று, தனியே நின்று மகனைப் படிப்பித்தவர். (இந்தத் தீவுகளில் என்னளவுக்குத் துணிவுள்ள ஆள் அவர் ஒருவர்தான்.)

பின்னேரம் குறிகட்டுவானில் படகு வந்து நின்றபோது கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. சம்பந்தி முதல் ஆளாக இறங்கி, கையை நெற்றியில் வைத்து நாலு பக்கமும் பார்த்தார்.

“எங்கை அண்ணை புயல்?”

“வந்துகொண்டிருக்கு,” என்றேன், வியர்வையைத் துடைத்தபடி.

வந்த சனத்தை உறவினர் வீடுகளில் பங்கிட்டோம். புட்டு அவித்து அவித்து என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. மாப்பிள்ளையை வைக்கத்தான் இடமில்லை. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு முற்றத்தில் நின்றாலும் எங்கள் முற்றம் தெரியும். கடைசியில் என் சீமெந்துக் கொட்டிலுக்குள் மூட்டைகளின் மேல் பாய் விரித்து அவரை இருத்தினேன்.

“நீர் யோசியாதையும் தம்பி. எந்தப் புயலுக்கும் அசையாத கட்டடம்.”

“புயல் வந்தால் நல்லம் மாமா,” என்றார் அந்தப் பிள்ளை. “கொஞ்சம் காத்தாவது வரும்.”

போனை வீட்டுக் குசினியில் பானை சட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொட்டில் வாசலில் கதிரை போட்டுக் காவலுக்கு இருந்தேன். பொழுது படுகிற நேரம் உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஒன்று மாப்பிள்ளையின் சிரிப்பு. மற்றது என் மகளுடையது!

கதவு இடுக்கால் பார்த்தேன். மாப்பிள்ளையின் போனில் வதனியின் முகம். வீடியோவில் கதைக்கிறார்கள்.

“அப்பான்ரை போனை இப்பத்தான் பாத்தனான். அது காத்து வரைபடமே இல்லை. விரல் பட்டு வெக்கை வரைபடத்துக்கு மாறிக் கிடக்கு! நாளைக்கு வெக்கை கூட எண்டுதான் சிவப்பு. திணைக்களத்திலை கடல் அமைதி எண்டுதான் போட்டிருக்கினம்.”

அந்த நேரம் பார்த்து, மகனுக்குச் சாப்பாட்டுடன் சம்பந்தி படலையைத் திறந்துகொண்டு வருகிறார்.

நான் எழும்பி இருமினேன். உள்ளே விளங்கவில்லை. “காத்துப் பலமா அடிக்கப் போகுது சம்பந்தி! கேக்குதோ இரைச்சல்?” என்று ஊர் கேட்கக் கத்தினேன். முற்றத்து முருங்கையில் ஓர் இலை அசையவில்லை.

“எனக்கு வேறை சத்தமெல்லோ கேக்குது. உள்ளுக்கை ஆர், பொம்பிளைக் குரல்?”

“அது… தம்பியின்ரை போனிலை காலநிலைச் செய்தி வாசிக்கிற பிள்ளை.”

“என்ன சொல்லுறா?”

“நாளைக்குக் கடல் அமைதியாம்.”

சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்தப் பிள்ளையை நீங்கள் காலமையே கேட்டிருக்கலாமே அண்ணை,” என்று சாப்பாட்டை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்தநாள் கடலில் ஓர் அலைகூடத் தலை தூக்கவில்லை. சீமெந்து படிந்த தலையோடு கொட்டிலிலிருந்து வெளியே வந்த மாப்பிள்ளையைப் பார்த்து, “பெடியனுக்கு இவ்வளவு நரையோ?” என்று ஊர்ப் பெண்கள் குசுகுசுத்தார்கள். தாலி உரிய நேரத்தில் ஏறியது. (கொட்டில் என்னுடையது என்பதை மறக்க வேண்டாம்.)

இப்போது நானும் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த இடத்துக்குச் சொன்னது என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன். வதனி நெடுந்தீவில் மாமியாரோடு இருக்கிறாள். சம்பந்திக்கு அன்று தொடக்கம் அந்தச் ‘செய்தி வாசிக்கிற பிள்ளை’யில்தான் நம்பிக்கை. யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால், அவ என்ன சொல்கிறா என்று என்னைத்தான் கேட்பார். நான் வதனிக்குப் போன் எடுப்பேன். அவள் திணைக்களத்தின் பக்கத்தைப் பார்த்து எனக்குச் சொல்வாள். நான் அதைத் திரும்ப அதே வீட்டுக்குச் சொல்வேன். என் கெட்டித்தனம் இன்றுவரை வெளியே வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன கிழமை சம்பந்தி எடுத்தார்.

“அண்ணை, நாளைக்குக் கடல் எப்பிடி எண்டு அந்தப் பிள்ளையைக் கேக்க வேணும். ஆனால் இப்ப எடாதேங்கோ. அவ குசினியிலை மாப் பிசையிறா. கை கழுவினாப் பிறகு கேட்டுச் சொல்லுங்கோ.”