பன்னிரண்டாம் நம்பர் ஷூவும் பவுடர் ஸ்டீல் கத்தியும்

கத்திப் பைத்தியம் பிடித்தவனிடம் முதலில் வெட்டுப்படுவது பக்கத்தில் இருப்பவர்களின் காதுதான். சந்தேகம் இருந்தால் என் குடும்பத்தைக் கேளுங்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வீட்டுக்கு வந்ததும் யூடியூபில் மடக்குக் கத்தி வீடியோக்கள்தான். (எங்கள் வீட்டில் ஆப்பிளைக்கூடக் கடித்துத்தான் தின்போம். கத்திக்கு வேலையே கிடையாது.) என்னிடம் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று மலிவு ஸ்டீல். சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும். இன்னொன்று எம் 390. உலோகத்தைத் தூளாக்கி, அந்தத் தூளைச் சூட்டில் அழுத்திக் கெட்டியாக்கிய உயர்ரக ஸ்டீல். லேசில் துருப்பிடிக்காது, மழுங்காது. தப்பித்தவறி மழுங்கினால் தீட்டுவதற்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். இதையெல்லாம் சாப்பாட்டு வேளையில் விளக்கிக்கொண்டிருப்பேன்.

"கத்தின்னா வெட்டுனா போதாதா? அதுக்கு ஜாதகம் வேற பாக்கணுமா?" என்பாள் அம்மா.

அந்தச் சமயத்தில் கலா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிவா, ராணிப்பேட்டைக்காரர். எங்கள் பக்கம் வரவேற்புக்கு மாப்பிள்ளையின் கோட்டு சூட்டு, ஷூ எல்லாம் பெண் வீட்டுச் செலவு. அதிலும் ஷூவுக்குப் பேர்போன ஆம்பூரில் பெண் எடுத்தவர் கடை ஷூ போட்டுக்கொண்டு மேடையேறினால் எங்களுக்குத்தான் கேவலம். இதில் சிவா மாமாவின் கால் பன்னிரண்டாம் நம்பர். கடைக்குப் போனாலும் கிடைக்காத சைஸ். "ஷூ என் பொறுப்பு" என்று மார்தட்டினேன். வெளிநாட்டு ஆர்டருக்கு வைத்திருந்த பெரிய கால் அச்சில், பழுப்பு நிறக் கன்றுத் தோலில், கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜோடி செய்து வாங்கினேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு!

வேலூரில் மண்டபம். வரவேற்புக்கு மாப்பிள்ளை கோட்டு போட்டுத் தயார். ஷூதான் பாக்கி. பெட்டியோடு அவர் அறைக்குப் போனேன், துணைக்கு என் தோஸ்த் அஸ்லம். பேக்கிங் செக்‌ஷன் ஆட்கள் பாசத்தில் பெட்டியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார்கள்.

"குடு தம்பி, என்னாண்ட கத்தி கீது" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா லோகநாதன் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு குட்டிக் கத்தி தொங்கியது.

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். "இது இன்னா ஸ்டீல், அங்கிள்?" என்று கேட்டேன்.

"இன்னா ஸ்டீலா? இரும்புப்பா."

விடுவேனா? என் எம் 390-ஐ எடுத்து விரித்து, மலிவு ஸ்டீலுக்கும் உயர்ரக ஸ்டீலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆதியிலிருந்து ஆரம்பித்தேன்.

"மச்சான், நாளைக்குக் காலைல முகூர்த்தம். அதுக்குள்ள முடிச்சிடுவியா?" என்றார் சிவா மாமா.

"இப்ப பாருங்க" என்று ஒரே இழுப்பு. தடங்கலே இல்லை. டேப் பிரிந்தது. பெருமையில் எனக்குப் புல்லரித்தது. மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். டேப்போடு அட்டை, அட்டையோடு காகிதம், காகிதத்தோடு இடது ஷூவின் முகம், எல்லாம் ஒரே கோட்டில் வாய் பிளந்திருந்தன. மலிவுக் கத்தியாக இருந்தால் அட்டையிலேயே மூச்சுத் திணறி நின்றிருக்கும்!

டப்பென்று மூடினேன்.

"குடு மச்சான், போட்டுக்கறேன்."

"தர மாட்டேன்!" என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போன மாதம் அஸ்லம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் தங்கைகள் மாப்பிள்ளையின் ஷூவை ஒளித்துவைத்து, பரிசு வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. "பரிசு குடுத்தாத்தான் ஷூ" என்றேன்.

அஸ்லம் என் காதோரம், "டேய், அது எங்க வூட்டு வழக்கம்டா" என்றான்.

மாமாவுக்கோ ஒரே குஷி. "அட, ஜாலியா கீதே!" என்று ஒரு நோட்டை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். இன்னும் சில நோட்டுகள். ஊஹும். வாங்கினால் ஷூவைக் கொடுக்க வேண்டுமே! கடைசியில் விரலிலிருந்த மோதிரத்தையே கழற்றினார். அதற்கும் நான் பின்னால் நகர்ந்தேன்.

அறையில் சிரிப்பு நின்றது. "தம்பி பைக்கு எதிர்பாக்குதோ இன்னாவோ" என்றார் சித்தப்பா. மாப்பிள்ளையிடம் வரதட்சணை கேட்ட முதல் பெண் வீட்டான் நானாகத்தான் இருப்பேன்.

செய்தி மணமகள் அறைக்குப் போய்விட்டது. முழு அலங்காரத்தோடு அக்காவே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஷூவக் குடுத்துர்றா. மொத நாளே அவங்க எதிர்ல என் மானத்த வாங்காதடா."

பெட்டியைத் திறந்து காட்டினேன். சிவா மாமா இடது ஷூவை எடுத்தார். உள்ளே கையை விட்டார், பிளவு வழியே விரல் வெளியே எட்டிப் பார்த்தது. அதை அக்காவைப் பார்த்து ஆட்டினார். அழ வந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

சித்தப்பா என் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்ல ஸ்டீலுதாம்பா" என்றார்.

அன்று மாப்பிள்ளை கோட்டு சூட்டுக்குக் கீழே அவருடைய நீலநிற ரப்பர் செருப்போடு மேடையில் நின்றார். முழங்காலுக்கு மேலே எடுக்கும்படி போட்டோக்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கேட்கவில்லை. ஆல்பத்தின் முதல் படமே அதுதான்.

இன்றும் அவர்கள் கல்யாண நாளுக்குப் போனால், நான் வாசலில் தலை காட்டியதுமே சிவா மாமா இரண்டு கால்களையும் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். அவர் பையனும் விவரம் தெரியாமலே தூக்கிக்கொள்கிறான். கேக் வெட்டும்போது எல்லோர் கையிலும் கத்தி சுற்றி வரும். என் முறை வரும்போது மட்டும் அக்கா அதை வாங்கிவைத்துவிட்டு ஒரு ஸ்பூனை நீட்டுகிறாள்.