ஒன்பதாவது பிள்ளைக்கு என்ன கட்டணம்?

வேனிலிருந்து ஏழாவது பிள்ளை இறங்கியதும் லவோன் டட்டில் எண்ணுவதை நிறுத்திவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவது இறங்கியது. ஒன்பதாவது, ஐந்து வயது வாண்டு, இறங்கவில்லை. நேராக அவள் காலடியில் குதித்தது.

"எல்லாம் உங்க பிள்ளைங்களா?" என்றாள் லவோன்.

"பின்னே, வழியில பொறுக்கிட்டா வந்தேன்?" என்று சிரித்தாள் வேனை ஓட்டி வந்த மெரிபெத் ரேபர். "குடும்பத்துக்கு இருபது டாலர், எத்தனை பிள்ளைங்க வந்தாலும் சரின்னு நோட்டீஸ்ல போட்டிருந்தீங்களே. இந்தாங்க, இருபது."

சமையல் வகுப்பு நோட்டீஸில் அப்படிப் போட்டிருந்ததுதான். லவோனின் சொந்தக் கையெழுத்தில், சிவப்பு மையில், கீழே ஒரு கோடும் இழுத்து. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட உணவகத்தில் மசித்த உருளைக்கிழங்கு பரிமாறியவளுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளைத்தான் தெரியும். வீட்டுக்கு ரெண்டு, மிஞ்சினால் மூன்று. பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் மிசௌரி குடும்பங்களில் மூன்று என்பது வெறும் தொடக்கம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று மூன்று குடும்பங்கள் வந்தன. மொத்தம் இருபது தலை. லவோன் தைத்து வைத்திருந்த ஏப்ரன் ஆறு.

சின்னமன் ரோலுக்கு மாவு பிசைவது எப்படி என்று அவள் வாயைத் திறப்பதற்குள் ரேபர் பிள்ளைகள் ஒன்பதும் பிசைந்து, உருட்டி, ஈரத்துணியால் மூடி, கையும் கழுவிவிட்டன. லவோனுக்கு மனசு பூரித்துப்போயிற்று. 'நான் சொல்லிக்கொடுக்காமலே இப்படி என்றால், சொல்லிக்கொடுத்தால் இதுகள் எங்கேயோ போய்விடும்!'

அறுபது டாலர் வந்தது. வெண்ணெய், மாவு, வாடகை எல்லாம் சேர்த்து நூற்றியாறு போயிற்று.

இந்த இடத்தில் லவோனின் நாத்தனார் பெர்னடீனைச் சொல்லியாக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சர். அவள் முறைத்தால் பின்னங்கள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு. ஓய்வுக்குப் பிறகு சர்ச்சின் பொருளாளர். சர்ச்சுக்குக் கீழே இருக்கும் சமையல்கூடத்தின் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்தான் தொங்கும்.

"ஆறு செவ்வாய்க்கிழமை தர்றேன், லவோன்," என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். "கடைசி நாள் நோட்டைப் பார்ப்பேன். நஷ்டம்னா செவ்வாய்க்கிழமை எனக்கு. நான் கணக்கு டியூஷன் வெச்சுக்கறேன். கரண்டி பிடிச்சவங்க எல்லாம் டீச்சர் ஆயிட முடியுமா?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் லவோனுக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. 'ஏய், இன்னும் கொஞ்சம் குழம்பு' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யோசித்து, இரண்டாம் வாரம் புது நோட்டீஸ் ஒட்டினாள். முதல் பிள்ளைக்குப் பன்னிரண்டு டாலர். அடுத்தடுத்த பிள்ளைக்கு மும்மூன்று டாலர் குறைவு. நியாயமும் ஆச்சு, தாராளமும் ஆச்சு.

ரேபர் வீட்டுப் பதினோரு வயது எஸ்ரா, கதவில் இருந்ததைப் படித்துவிட்டு நோட்டைத் திறந்தான். ஒன்பது பிள்ளைகளும் நோட்டைத் திறந்தன.

"மிஸ் லவோன், முதல் ஆளுக்குப் பன்னெண்டு. அப்புறம் ஒம்பது, ஆறு, மூணு. அஞ்சாவது ஆள் டர்சாவுக்கு ஒண்ணுமில்ல. சரியா?"

"சரிதான் கண்ணா."

"ஆறாவது ஆளுக்கு நீங்க எங்களுக்கு மூணு டாலர் தரணும்."

லவோன் கையிலிருந்த முட்டை கீழே விழுந்தது.

"ஏழாவதுக்கு ஆறு, எட்டாவதுக்கு ஒம்பது, கெசியாவுக்குப் பன்னெண்டு. கூட்டிக் கழிச்சா..." எஸ்ராவின் முகம் விளக்குப்போட்ட மாதிரி மலர்ந்தது. "பூஜ்யம்! நாங்களும் தர வேண்டாம், நீங்களும் தர வேண்டாம்!"

"அடேயப்பா, என்ன அழகா வருது!" என்று கைதட்டினாள் மெரிபெத். பிறகு தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "மார்ச்சுல பத்தாவது வருது, மிஸ் லவோன். அதுக்குள்ள நோட்டீஸை மாத்திடுங்க. இல்லேன்னா வாராவாரம் நீங்கதான் எங்களுக்குப் பதினஞ்சு டாலர் எண்ணி வைக்கணும்" என்றாள்.

மற்ற இரண்டு தாய்மார்களும் மூலையில் நின்று, ரேபர் வீட்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று தங்கள் பிள்ளைகளையும் அதே வரிசையில் சேர்க்க முடியுமா என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

மெரிபெத் தன் பச்சை அட்டை நோட்டை எடுத்து எதையோ குறித்தாள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஆயிரம் மணி நேரம் பாடம் நடந்தது என்று எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வம்பு. 'சமையல், இரண்டு மணி நேரம் என்று எழுதுகிறாள் போல' என்று லவோன் நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் கிளம்புவதற்குள் லவோன், மூன்றாம் வாரத்துக்குத் தலைக்கு ஐந்து டாலர் என்று முடித்துவிட்டாள். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஆனால் பாழாய்ப்போன அவள் மனசு இளகியது. ஒன்பது பேருக்கு நாற்பத்தைந்து ஆகிறதே! அதனால் கீழே, 'கைக்காசு முடையென்றால் வீட்டில் விளைந்ததைக் கொடுக்கலாம்' என்று சேர்த்துவிட்டாள்.

"முட்டைன்னா டஜன் என்ன விலைக்கு எடுத்துப்பீங்க?" என்று கேட்டான் எஸ்ரா.

"கடை விலைதான். நாலு டாலர்."

மூன்று குடும்பங்களிலும் கோழிகள் இருந்தன. கைக்காசு முடை மூன்று குடும்பங்களையும் ஒரே ராத்திரியில் பிடித்துக்கொண்டது. அடுத்த செவ்வாய் மேஜைமேல் இருபத்தைந்து டஜன் வந்து உட்கார்ந்தது. முந்நூறு முட்டை! விற்கலாம் என்று லவோன் தெருத்தெருவாக அலைந்தாள். அந்த ஊரில் கோழி வளர்க்காதவர் பாதிரியார் ஒருவர்தான். அவருக்கு முட்டை ஒத்துக்காது.

"இன்னொரு ஆம்லெட் வெச்சேன்னா நான் கூவிடுவேன்," என்றார் லவோனின் கணவர் ஹார்லன்.

முட்டையைக் கரைக்கவே நாலாம் வாரம் எல்லாருக்கும் ஏஞ்சல் கேக். ஒரு கேக்குக்கு வெள்ளைக்கரு ஒரு டஜன். ஆனால் அதற்குச் சர்க்கரை வாங்கிய பில், மளிகைக் கடைக்காரர் லவோனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைக்கும் அளவுக்கு நீண்டது. அதனால் அன்றைக்கே கட்டணத்தை மறுபடி மாற்றினாள். தலைக்கணக்கு கிடையாது, வீட்டுக்கு எடுத்துப்போகும் பண்டத்தைத் தராசில் வைத்து, எடைக்கு எடை காசு.

"சுடறதுக்கு முன்னாடி எடையா, சுட்ட அப்புறமா?" என்றான் எஸ்ரா.

"சுட்ட அப்புறம்தான்டா."

"சுட்டா தண்ணி ஆவியாப் போயிடுமே. பத்துல ஒரு பங்கு உங்களுக்கு நஷ்டம், மிஸ் லவோன்."

"அது போனாப் போகுது!" என்றாள் லவோன் வீராப்பாக.

ஒன்பது பேரும் நோட்டில் மளமளவென்று எதையோ எழுதினார்கள். கேக்குச் செய்முறையைத்தான் எழுதுகிறார்கள் என்று லவோனுக்குப் பெருமை. எழுதி முடித்து, ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்து, இருபது பேரும் உட்கார்ந்து எல்லாக் கேக்கையும் அங்கேயே தின்று தீர்த்தார்கள். தராசின் முள் அசையவே இல்லை.

ஐந்தாம் வாரம் லவோன் உடைந்துபோய் மாவு டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "உங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகாது, பிள்ளைங்களா. எனக்கு நஷ்டம் வராம என்ன வாங்கணும்? நீங்களே சொல்லுங்க."

எங்கேயோ அணை உடைந்தது போலிருந்தது. கரும்பலகையைச் சுற்றி இருபது பேரும் மொய்த்துக்கொண்டார்கள். மாவுக்கு இவ்வளவு, அடுப்பு எரிவதற்கு இவ்வளவு, வாடகையில் ஆளுக்கு இவ்வளவு. 'ஏப்ரன் தேயறதுக்கு வாரத்துக்கு ஆறு காசு' என்று டர்சா சேர்த்தாள். ஒரு மணி நேரம் கூச்சல். கடைசியில் தலைக்கு ஆறு டாலர் எண்பது காசு என்று முடிவானது. தரவும் தந்தார்கள், ரொக்கமாக.

அன்று கிளம்பும்போது மெரிபெத் ஏக்கத்தோடு கேட்டாள். "அடுத்த வாரம் கட்டணம் மாத்த மாட்டீங்களா, மிஸ் லவோன்?"

"மாட்டவே மாட்டேன்!"

"ஓ," என்றாள் மெரிபெத். அவள் முகம் சுருங்கிவிட்டது. 'எத்தனை நல்ல மனசு! குறைவாகத் தருகிறோமே என்று வருத்தப்படுகிறாள்' என்று லவோன் உருகினாள்.

ஆனால் காலம் கடந்துவிட்டது. ஆறாம் செவ்வாய், பிள்ளைகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே, பெர்னடீன் சாவி குலுங்க இறங்கி வந்தாள். நோட்டைப் புரட்டினாள். நாலு பக்கத்தையும் நாலே மூச்சில் கூட்டினாள்.

"முந்நூத்திப் பன்னெண்டு டாலர் நஷ்டம். கூட, பதினோரு டஜன் முட்டை."

"முட்டை லாபத்துல சேராதா?" என்றாள் லவோன் ஈனசுரத்தில்.

"மூணு வாரத்து முட்டை எதுலயும் சேராது. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? டீச்சர் வேலைங்கறது வேற, லவோன். அது உனக்கு வராது."

லவோன் ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து, முட்டைத் தட்டின்மேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துணி இல்லாமல் அதையே மறுபடி எடுத்தாள்.

பெர்னடீன் மேஜையில் இரண்டு தட்டு தட்டிச் சபையை அமைதியாக்கினாள். "தாய்மார்களே, அடுத்த செவ்வாயிலேர்ந்து இங்க சமையல் வகுப்பு கிடையாது. அதுக்குப் பதிலா நான் கணக்குப் பாடம் எடுக்கப்போறேன். முப்பத்து நாலு வருஷ அனுபவம். பிள்ளைக்கு மணிக்குப் பதினஞ்சு டாலர். தள்ளுபடி கிடையாது, முட்டை கிடையாது. யார் யார் பேரை எழுதிக்கட்டும்?"

தாய்மார்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெரிபெத் பச்சை நோட்டை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"ஏன், இந்தப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வேண்டாமா?" என்று அதட்டினாள் பெர்னடீன்.

வாண்டு கெசியா, கழுவிய கரண்டியை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க கணக்கு டீச்சர் மிஸ் லவோன்தானே? சமையல் கத்துக்கவா நாங்க வந்தோம், வீட்டுல பதினோரு பேருக்கு மூணு வேளையும் நாங்கதானே சமைக்கறோம்!"