எங்கட வீட்டிலும் இருந்த வைரக் காப்பு

என் அம்மாவின் கையில் நெல்லிக்காய் பருமனில் வைரம் பதித்த காப்பு ஒன்று கிடந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று அவர் கையை அசைத்தால், வெளிச்சவீடு என்று நினைத்துக் கப்பல்கள் திரும்பும். சரி, நெல்லிக்காய் கொஞ்சம் கூடத்தான், கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்களையும் விட்டுவிடுங்கள். வயதுபோனவளின் வாய்க்கு இவ்வளவு சலுகை தரலாம். இதனால் ஒருவருக்கும் நட்டமில்லை.

நான் சொல்ல வந்த இனம் வேறு. அதற்கு ‘எங்கட வீட்டிலும் இருந்தது’ இனம் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் நன்றாகத் தெரிந்த இனம்தான். நீங்கள் ஒரு குத்துவிளக்கு வாங்கினால் அவர்கள் வீட்டில் ஆளுயரத்தில் இரண்டு இருந்தன. நீங்கள் பழைய மணிக்கூடு ஒன்றைத் திருத்தி மாட்டினால் அவர்களுடையது மணிக்கொரு தரம் பாடியது. நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அவர்கள் வீட்டுக் காய்ச்சல் இரண்டு டிகிரி கூட. எல்லாம் இருந்தது. இப்போது எங்கே? அங்கேதான் வசதி. எல்லாம் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் போய்விட்டது.

உண்மையிலேயே வீடு வாசல் எரிந்தவர்கள் அதைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. என் பக்கத்து வீட்டுக் கனகசபாபதி கதைப்பார். அந்த ஜூலையில் அவர் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருந்தார். பறிகொடுத்தது ஒரு சைக்கிளும் ஒரு தகரப் பெட்டியும். அதுவும் இழப்புத்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய வீடும் கட்டிய பிறகு எரிந்தது. இவருடைய வீடு எரிந்த பிறகுதான் வளரத் தொடங்கியது. தொண்ணூறுகளில் அதற்கு மேல்மாடி வந்தது. இரண்டாயிரத்தில் பியானோ வந்தது. நாட்டில் சண்டை முடிந்த ஆண்டில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது, டிரைவரோடு.

போன மாதம் வைரக் காப்பு வந்தது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சிநேகிதி யோகேஸ்வரி, மாமியார் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த பழைய வைரக் காப்பை, கொள்ளுப்பிட்டியில் ஒரு நகை ஏலத்துக்குக் கொடுத்திருந்தாள். அவளுடைய இடியப்பத்துக்கு அந்த ஒழுங்கைச் சனமே அவள் வாசலில் வந்து நிற்கும். சந்தியில் ஒரு கடையறை காலியாக இருந்தது. மாதம் முடிவதற்குள் முற்பணம் கட்டினால் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. அறுபது வயதில், பிறந்ததிலிருந்து முதன்முறையாக, தன் பெயரில் ஒரு பலகை தொங்கப் போகிறது என்று அவள் எழுத்தின் நிறம்கூடத் தெரிவு செய்து வைத்திருந்தாள். துணைக்கு நான் போனேன். நான் பிடித்த த்ரீவீலில் ஓசியாகக் கனகசபாபதியும் வந்தார்.

இந்த இனம் ஏலத்துக்கு எதற்குப் போகிறது? வாங்கவா? கையை உயர்த்தினால் காசு கட்ட வேண்டி வரும் என்று பயந்து மூக்கில் இலையான் இருந்தாலும் விரட்டாத ஆட்கள் இவர்கள். குளிரூட்டி, தேத்தண்ணீர், ரோல்ஸ் மூன்று. அதற்குப் பிறகு சடங்கு: மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது, பொருளைப் பார்ப்பது, ஒரு பெருமூச்சு, “உப்பிடி வேலை செய்ய இப்ப ஆரிருக்கினம்?”

காப்பு மேசைக்கு வந்தது. ஏலம் கூறிய ஜாபிர் தொகையைச் சொல்ல, முன்வரிசையில் இருந்த இரண்டு நகை வியாபாரிகள் மாறி மாறிக் கை உயர்த்தினார்கள். ஒவ்வொரு லட்சத்துக்கும் யோகேஸ்வரி என் விரல்களை ஒரு நெரி நெரித்தாள். கடைக்கு இன்னும் இரண்டு நெரி போதும். அந்த நேரம் பார்த்துக் கனகசபாபதி எழும்பினார்.

“இது எங்கட ஆச்சியின்ட காப்பெல்லோ! பூட்டு உடைஞ்சு செட்டியார் தெருவில ஒட்டினது. எண்பத்து மூண்டில களவு போனது!”

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. உயர்ந்திருந்த கைகள் மடிக்கு வந்தன.

“களவு போன சாமான்னா சொல்றீங்க, சேர்?” என்றார் ஜாபிர்.

யோகேஸ்வரி எழும்பினாள். “ஐயா, மாமி அம்பத்தாறாம் ஆண்டு தன்ட கலியாணத்துக்குப் போட்டது. உங்கட வீட்டில எப்பிடிக் களவு போகும்?”

“ரசீது இருக்கா?” என்று முன்வரிசை கேட்டது.

“சாகக் கிடந்த மனுசி கழட்டித் தந்தவ. அதுக்கு ரசீதும் எழுதித் தருவினமே?”

ஜாபிர் கெட்டிக்காரர். ஒரு தாளையும் பேனையையும் கொண்டுவந்து கனகசபாபதியின் முன்னால் வைத்தார். “எழுத்தில தாங்க, சேர். பேரு, ஐடி நம்பர், கையெழுத்து. பொலிசுக்கு நானே கூட்டிட்டுப் போறன்.”

கண்ணாடி கழன்றது. துடைபட்டது. ஏறியது.

“இல்லைத் தம்பி, இப்ப வடிவாப் பார்க்கத்தான் விளங்குது. இது அதில்லை. எங்கடயில கல்லு இன்னும் பெரிசு.”

சபை சிரித்தது. நானும் சிரித்தேன், என் வாயில் மண். சிரிப்பு அடங்கியதும் ஜாபிர் மூன்று தரம் கூவினார். ஒரு கையும் எழும்பவில்லை. களவு என்ற சொல் ஒருமுறை பட்ட நகைக்குத் தங்கத்தின் நிறையைத் தவிர வேறு பெறுமதியில்லையாம். அந்தத் தங்க விலையைத்தான் ஒரு வியாபாரி தருவதாகச் சொன்னார். யோகேஸ்வரி காப்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். படியிறங்கும்போது கனகசபாபதி அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னார்: “கவலைப்படாதேங்கோ, தங்கச்சி. எங்கடதையும் அந்தக் காலத்தில ஒருத்தரும் மதிக்கேல்லை.”

அந்தக் கடையறையில் இப்போது போன் கவர் விற்கிறார்கள்.

வாசகரே, சிரித்தது போதும். கடைசியாக மற்றவர் வீட்டில் ஒரு பழைய பொருளைப் பார்த்தபோது உங்கள் வாயில் முதலில் வந்தது என்ன? ‘நல்ல வடிவு’ என்பதா? அல்லது வேறு ஏதாவதா? எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் இன்று காலை, இடியப்பப் பெட்டியோடு வந்த யோகேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“எல்லாம் சரி, அக்கா. ஒண்டை மட்டும் விட்டிட்டீங்கள்.”

“எதை?”

“ஏலத்துக்கு முதல் நாள் சாமான் பார்க்க விட்டவையெல்லே. காப்பைக் கையில போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘அச்சொட்டா இதே மாதிரி எங்கட அம்மாட்டயும் இருந்தது, எண்பத்து மூண்டில களவு போட்டுது’ எண்டு சொன்னது ஆர்? அந்தக் கனகசபாபதி உங்களுக்குப் பக்கத்திலதான் நிண்டு ரோல்ஸ் திண்டது. அடுத்த நாள் அம்மாவை ஆச்சியாக்கினதுதான் அவற்ற வேலை. பூட்டு உடைஞ்ச கதையும் உங்கடதான்.”